ஆலயக் கட்டடங்களின் உறுதியும் நமது கடமையும்

(திருவிழா ஆயத்தக் கூட்டத்தில் ஆலய உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இம்மேடையில் அருளுரைகளே இடம்பெறும். அடியேன் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். ஊராட்சி மன்றம் ஒன்றின் கட்டடப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரியும் சாதாரண அரசாங்க ஊழியன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன். எனினும் தலைவர் அவர்கள் என்னைப் பேசுமாறு பணித்தமைக்குத் தக்க காரணம் ஒன்று உண்டு.

சென்ற மாதம் நமது அன்னதான மண்டபத்தின் மாடி பூட்டப்பட்டது. இவ்வாண்டுத் திருவிழாவில் அன்னதானம் வெளியில் பந்தலிட்டு நடைபெறும் என்று செயலவை அறிவித்துள்ளது. மழைக்காலத்தில் பந்தலா, நல்ல மண்டபம் இருக்க ஏன் இந்த அலைச்சல் என்று அன்பர் பலர் வருந்தினர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவது என் பொறுப்பு. ஏனெனில், மாடியைப் பூட்டும்படி கேட்டுக்கொண்டவன் நானே.

நமது நாட்டில் கட்டடம் எழுப்புவோர் பின்பற்ற வேண்டிய விதிகள் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்திலும் (சட்டம் 133), அதன்கீழ் அமைந்த 1984ஆம் ஆண்டின் சீர்நிலைக் கட்டடத் துணைச் சட்டங்களிலும் அடங்கியுள்ளன. இத்துணைச் சட்டங்களின் ஐந்தாம் பகுதி கட்டடத்தின் உறுதியைப் பற்றியது. பக்கங்கள் பல ஆயினும் அதன் சாரம் எளியது. கட்டடமானது தன் எடை, தன்மேல் ஏறும் எடை, காற்றின் விசை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்க வேண்டும். தாங்கிய எடையைத் தூண்கள் வழியே அடித்தளத்திற்கும், அடித்தளம் வழியே மண்ணிற்கும் பத்திரமாக இறக்க வேண்டும். அவ்வாறு இறக்கும்போது வளையவோ, சாயவோ, அண்டைக் கட்டடத்திற்கு ஊறு செய்யவோ கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

இம்மூன்றில் முதலாவதாகிய தன் எடையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகிறேன். தமிழ்ப்பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு கணக்கை அடிக்கடி கொடுப்பார். எண்ணெய் நிறைந்த டின்னின் எடை இவ்வளவு. வெறும் டின்னின் எடை இவ்வளவு. எண்ணெயின் எடை என்ன? டின்னின் எடையை மறந்துவிட்டு விடை எழுதியவர்களை அவர் எழுப்பி நிற்க வைப்பார். நானும் நின்றிருக்கிறேன். வளர்ந்து, இத்துறைக்கு வந்தபின்னரே அந்தக் கணக்கின் ஆழம் எனக்குப் புரிந்தது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையைக் காணாதவர் நம்மில் குறைவு. தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் அச்சாலையில்தான் உள்ளது. அதே சாலையில், ஓவன் சாலைச் சந்திப்பில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இயங்கி வந்தது. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சனிக்கிழமை முற்பகலில், அக்கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் முழுமையாக இடிந்து விழுந்தது. 33 பேர் உயிரிழந்தனர். இடிபாடுகளுக்குள்ளிருந்து 17 பேர் மீட்கப்பட்டனர்.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. கூரையில் பொருத்திய குளிர்சாதனக் கருவிகள், பின்னாளில் வெளிச்சுவரில் பதித்த ஓடுகள், கீழ்த்தளத்து வங்கியின் கனத்த பெட்டகம் எனப் பலவும் ஆராயப்பட்டன. அவை எடையைக் கூட்டியது உண்மையே. ஆயினும் மூலக்காரணம் வேறு. கட்டடத்தை வடிவமைத்தபோது, உள்ளே வரும் மக்களின் எடையையும் பொருள்களின் எடையையும் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டின்னின் எடையை மறந்துவிட்டார்கள். 1971இல் எழுந்த அக்கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றது. அத்தனை ஆண்டுகளும் அதன் தூண்கள் தம் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமந்து கொண்டிருந்தன. நிற்கிறது என்பதாலேயே உறுதியாக இருக்கிறது என்று பொருளாகாது, அன்பர்களே!

தன் எடை என்றால் எவ்வளவு? கான்கிரீட்டின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. பன்னிரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 300 கிலோ எடை கொண்டது. ஒரு வீட்டின் தளத்தில் மனிதரும் மேசை நாற்காலிகளும் ஏற்றும் எடைக்கு விதி ஒதுக்குவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆக, நாம் ஏறும் எடையைப்போல் இரு மடங்கு, தளத்தின் சொந்த எடை. அதை மறப்பது எத்துணைப் பெரிய பிழை என்பது இதனால் விளங்கும்.

அந்தத் துயரத்திற்குப்பின் சிங்கப்பூர் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒரு பொறியாளரின் கணக்கை, அவரோடு தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றும், அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் பிற கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது.

இரண்டாவது, ஏறும் எடை. நமது நாட்டிலேயே 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத் துறையில் நேர்ந்த கொடுமையை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். பினாங்குத் தீவில் குவான் யின் விழா. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. ஒரே நாளில் இரு திருவிழாக் கூட்டமும் படகுத் துறையில் சேர்ந்தது. மேல்தளம் பாரம் தாங்காமல் கீழே நின்றவர்கள்மேல் சரிந்தது. 32 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களுள் பலர் நம்மைப்போல் சாமி கும்பிடப் புறப்பட்டவர்கள், கும்பிட்டுத் திரும்பியவர்கள்.

திருவிழாக் கூட்டத்தின் எடை அன்றாடக் கூட்டத்தின் எடை அன்று. இதனால்தான் நிலையான இருக்கைகள் இல்லாத பொது மண்டபத்திற்கு விதி சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ என்று நிர்ணயிக்கிறது. வீட்டுக்கு வேண்டியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆறேழு பேர் ஒரு சதுர மீட்டரில் நெருக்கி நிற்பதை எண்ணிப் பாருங்கள். தீபாராதனை நேரத்தில் நாம் நிற்பது அப்படித்தான்.

மூன்றாவது, எடையை வாங்கிக்கொள்ளும் மண். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதலாம் கட்டடம் சாய்ந்து 48 பேர் மடிந்தனர். தொடர்மழையில் பின்புறக் குன்றின் மண் நீரூறி, தடுப்புச் சுவர்களோடு சரிந்து கட்டடத்தின் அடித்தளத்தை நெருக்கியது. கீழ்நோக்கி வரும் எடையைத் தாங்கப் போடப்பட்ட அடித்தூண்கள் பக்கவாட்டில் வந்த நெருக்குதலுக்கு ஈடுகொடுக்கவில்லை. மேட்டிலிருந்து வரும் நீருக்கு முறையான வடிகால் இல்லாததே பெருங்கேடாயிற்று.

அவ்வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் 133இன் 95ஆம் பிரிவைச் சுட்டி, ஊராட்சி மன்றத்திற்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஊராட்சி மன்ற ஊழியனாகிய நானே இதனைச் சொல்கிறேன்: மன்றத்தின் முத்திரை கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்காது. 2007ஆம் ஆண்டு முதல் கட்டட நிறைவுச் சான்றிதழைக்கூட மன்றம் வழங்குவதில்லை. அத்திட்டத்திற்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் வழங்குகிறார். அவருக்குப் பொறுப்பு உண்டு. அதற்கு அடுத்த பொறுப்பு, கட்டடத்தின் உரிமையாளருக்கு உரியது. ஆலயக் கட்டடத்திற்கு உரிமையாளர் யார்? நாம்தாம்.

உறுதியைப் பற்றிக் கூறினேன். இனி, நெடுநாள் நிலைத்திருப்பதைப் பற்றி இரண்டொரு சொற்கள். கான்கிரீட்டின் உள்ளே இருப்பது இரும்புக் கம்பி. அதற்குத் துரு பகை. நல்ல கான்கிரீட் போதிய கனத்தில் கம்பியை மூடியிருக்கும் வரை துரு அணுகாது. வெயிலும் மழையும் படும் இடங்களில் அந்த மூடுகனம் ஏறத்தாழ நாற்பது மில்லிமீட்டர் இருத்தல் நலம். கலவையில் தண்ணீரை அதிகம் ஊற்றினாலும், வார்த்தபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் காக்காவிட்டாலும், கான்கிரீட்டில் நுண்துளைகள் மிகுந்து நீரும் காற்றும் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும்.

ஆலயத்தில் இதற்கு மேலும் வாய்ப்புகள் உண்டு. அபிஷேக நீர் கோமுகி வழியே சரிவர வெளியேறாமல் சுவரடியில் தேங்குகிறது. அதிற் கலந்த பாலும் தயிரும் புளித்துச் சிமெண்டை அரிக்கின்றன. விமானத்தின் வெடிப்பில் பறவை இட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கிறது. சிறு செடிதானே என்று விட்டுவிட்டால், அதன் வேர் சுதையைப் பிளந்து செங்கல்லுக்குள் இறங்கிவிடும். ஆண்டுதோறும் நாம் வண்ணம் பூசுகிறோம். வண்ணத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பதை அறியாதவர்களா நாம்?

திருக்காளத்தி ஆலயத்திற்கு இராகு கேது பூசைக்காகச் சென்று வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அவ்வாலயத்து இராசகோபுரம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நின்று, 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து விழுந்தது. விரிசல்கள் அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தன. கடவுளின் இல்லம் ஆயினும் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் உரிய இயற்கை மாறுவதில்லை.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு என்று வகுத்தனர். மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்துக்கே ஆயுள் உண்டு, அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்று கண்டவர்கள் அவர்கள். பாலாலயம் செய்து, இறைவனின் சக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது எதற்காக? கொத்தனாரும் ஸ்தபதியும் தயக்கமின்றி மேலேறி, தட்டிப் பார்த்து, பழுது களைவதற்காக. இது சமயச் சடங்கு மட்டுமன்று. காலமுறைக் கட்டட ஆய்வும் ஆகும்.

சட்டம் 133இன் 85அ பிரிவு, ஐந்து மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யுமாறு உரிமையாளரைப் பணிக்க இடமளிக்கிறது. நமது ஆலயமும் மண்டபமும் அவ்வளவு உயரம் இல்லை. ஆகவே அந்தச் சட்டம் நம்மைத் தேடி வராது. ஆனால் நமக்குச் சட்டத்திற்கு முந்திய சட்டம் ஒன்று உண்டு. குடமுழுக்கை வண்ணப்பூச்சாகவும் விருந்தாகவும் மட்டும் நாம் குறுக்கிக்கொண்டோமானால், முன்னோர் தந்த காப்பை நாமே கழற்றி வைத்தவர்கள் ஆவோம்.

இப்போது நமது மண்டபத்திற்கு வருகிறேன். அது ஒற்றைத் தள மண்டபமாகத்தான் வரைபடத்தில் ஒப்புதல் பெற்றது. தகரக் கூரைக்கென எழுந்த தூண்கள் அவை. பின்னர் அன்பர்கள் கூடிக் கோத்தோங் ரோயோங் முறையில் கூரையை எடுத்துவிட்டுத் தளம் வார்த்தார்கள். ஞாயிறுதோறும் மணல் சுமந்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். சில ஆண்டுகள் கழித்துப் பழைய தரையின்மேலேயே கலவை பரப்பி ஓடு பதித்தோம். சதுர மீட்டருக்கு 120 கிலோ என்று கொண்டாலும், இருபது மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள அந்த மாடியில் கூடிய எடை 24,000 கிலோ. ஆறு யானைகளை மாடியில் நிரந்தரமாகக் கட்டிவைத்ததற்கு அது சமம். அதன்மேல் ஆயிரம் கேலன் தண்ணீர்த் தொட்டி. அது மற்றொரு யானை. அதற்கு மேல்தான் பந்திக்கு அமரும் நானூறு அன்பர்கள்.

இவற்றில் எதற்கும் பொறியாளரின் கணக்கு இல்லை. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பக்தியினால் செய்தார்கள், அன்றைய நிலையில் கையில் பணமும் இல்லை.

குறை என்னுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நவராத்திரியின்போது கீழே பந்தியில் அமர்ந்திருந்த நான், தற்செயலாக மேலே நோக்கினேன். நடுத் தூணை ஒட்டி, உத்தரத்தில் சாய்வாக ஒரு விரிசல். தூணருகே சாய்வாக ஓடும் விரிசல் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒரு கடைக்காரர் இப்படி ஒரு மாடியைக் கட்டியிருந்தால் அன்றே கடிதம் எழுதியிருப்பேன். இங்கே வாய்மூடியிருந்தேன். அந்த மாடிக்கு முன்னின்ற பெரியவர் என் தந்தையாரின் நண்பர். அவர் மனம் நோகுமே என்று எண்ணினேன். அடுத்த ஆண்டு விரிசலைப் பூசி மறைத்து வண்ணம் அடித்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. சென்ற ஆண்டு அதே இடத்தில் வண்ணத்தைக் கீறிக்கொண்டு விரிசல் மீண்டும் எழுந்தது. அதன் நேர்கீழே சமயவகுப்புப் பிள்ளைகள் அமர்ந்து தேவாரம் படித்துக் கொண்டிருந்தார்கள்.

அதற்குப்பின் எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியவரின் இல்லம் சென்று உண்மையைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, மூன்று வருசமா தெரிஞ்சும் ஏம்பா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. மறுநாள் செயலவைக் கூட்டத்தில் மாடியைப் பூட்டும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தாம். பூட்டுக்குச் சாவி போட்டவரும் அவரே. இன்று இக்கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

அன்பர்களே! உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கே.

முதலாவது, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர் ஒருவரை அமர்த்தி மண்டபத்தை ஆராய வேண்டும். தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றின் வலிமையைக் கருவி கொண்டு சோதித்து அவர் தரும் அறிக்கையை உறுப்பினர் அனைவருக்கும் படித்துக்காட்ட வேண்டும். அடுத்த குடமுழுக்கிற்காகத் திரட்டும் நிதியின் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்; கோபுரக் கலசமும் வண்ணமும் பின்னர் வரட்டும்.

இரண்டாவது, அவர் அறிக்கை வரும் வரை மாடியில் ஒருவரும் ஏறக்கூடாது. கீழேயும் ஒருவரும் அமரக்கூடாது. தொட்டியில் உள்ள நீரை வெளியேற்ற வேண்டும். பந்தலில் உண்பதால் எவருக்கும் குறைவு நேராது.

மூன்றாவது, இனி ஆலயத்திற்கு உபயமாக எதனை வழங்க விரும்பினாலும், அதன் விலையோடு எடையையும் கேளுங்கள். கருங்கல் தரையாயினும், தொட்டியாயினும், புதிய சுதைச் சிற்பமாயினும், தாங்கும் இடத்திற்கு அது தகுமா என்று பொறியாளரிடம் கேட்டபின் ஏற்றுக்கொள்வோம். வரைபடங்களையும் மன்றக் கடிதங்களையும் ஒரே பெட்டியில் வைத்து, செயலவை மாறும்போதெல்லாம் கைமாற்றிக் கொடுப்போம்.

நான்காவது, விரிசல் கண்டவர் சொல்ல வேண்டும். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. தரை பெருக்கும் அம்மா கண்டாலும், ஓடி விளையாடும் பிள்ளை கண்டாலும் சொல்லலாம். நாளையும் இடத்தையும் குறித்துவைக்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. அதன் முதற்பக்கத்தில் மூன்று ஆண்டுத் தாமதத்தோடு என் கையெழுத்து இருக்கிறது.

மண்டபத்தை வலுப்படுத்த இயலும் என்று பொறியாளர் கூறினால் வலுப்படுத்துவோம். இயலாது என்றால், மனம் வருந்தினாலும் மாடியை இறக்கிவிடுவோம். என் தந்தையார் சுமந்த மணல் அதில் இருக்கிறது. அவர் இன்று இருந்தாலும் இதையே சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.